வந்து சேர்ந்த வரிசை

எங்கள் வீட்டில் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். சொல்கிறவர் ஒரு தரம், கேட்கிறவர் ஒரு தரம். "ராபர்ட்சன்பேட்டைக்குப் போயி வெங்காயம் வாங்கிக்கினு வா" என்று அப்பா சொன்னால், "ராபர்ட்சன்பேட்டைக்குப் போயி வெங்காயம் வாங்கிக்கினு வரேன்" என்று முழுசாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்ட முடியும். வெறும் "சரி" செல்லாது. "இன்னா சரி? எதுக்கு சரி?" என்று பிடித்து நிறுத்திவிடுவார். சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்களுடையது எதிரொலி வீடு. நான் தெருவில் நடந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் என் பேரை இரண்டு தரம் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

அப்பாவுக்கு கேஜிஎஃப் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கிற வேலை. கேஜ் என்பது ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. கீழே லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் நின்று இவர் மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். மேலே எஞ்சின் அறையில் இருக்கிற டிரைவர் அதே மூன்றைத் திருப்பி அடிப்பார். திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும். ஏற ஆளில்லாமல் மூன்று அடிப்பதற்கு அப்பா வைத்திருந்த பேர் பொய் மணி. அதைவிடக் கெட்ட வார்த்தை எங்கள் வீட்டில் கிடையாது. படிக்கிறேன் என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் படிக்காமல் இருந்தால் அது பொய் மணி, முதுகில் இரண்டு விழும். சுரங்கத்தை மூடிய பிறகும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அடிக்க மிச்சமிருந்த மணி நாங்கள்தான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

முதலில் இதை உடைத்தவன் அண்ணன். மீசை முளைத்ததும் "சரி" என்று மட்டும் சொல்வான். அடி விழுந்தாலும் இன்னொரு சொல் வராது. அப்புறம் நடுவில் பிறந்தவள் நான் விட்டேன், தங்கை எனக்குப் பின்னால் விட்டாள். கடைசிவரை திருப்பிச் சொன்னது அம்மா ஒருத்தி. அம்மா போனபிறகு அப்பா சொல்வதைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. ஆனால் நாம் எதைச் சொன்னாலும் அவர் இன்றைக்கும் திருப்பிச் சொல்கிறார். "மாத்திரை போடு நைனா" என்றால் "மாத்திரை போடறேன்" என்பார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

என் பிழைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்ததன் கேவலம் புரியாது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் சில நாள் ரயிலில் போய்வருவேன், மற்ற நாள் வீட்டிலிருந்தே. நாங்கள் செய்வது இதுதான்: ஒரு குழுவில் பல கணினிகள், ஊருக்கு ஒன்றாக. எது பேசினாலும் மற்ற எல்லாவற்றுக்கும் செய்தி போக வேண்டும். அனுப்புவது பெரிய காரியமில்லை. எந்த வரிசையில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் தலைவலி. 'விளக்கைப் போடு' என்று ஒரு செய்தி, 'விளக்கை அணை' என்று ஒரு செய்தி. ஒரு கணினி போட்டுவிட்டு அணைக்கிறது, இன்னொன்று அணைத்துவிட்டுப் போடுகிறது. கடைசியில் ஒரு ஊரில் இருட்டு, இன்னொரு ஊரில் வெளிச்சம். இரண்டுமே தான் கேட்டதுதான் சரி என்று சத்தியம் செய்யும்.

போதாததற்கு, ஒரு செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கண்மூடித் திறப்பதற்குள் போகலாம், ஒரு நாள் கழித்தும் போகலாம். பதில் வராத கணினி மெதுவாக இருக்கிறதா, செத்தே போய்விட்டதா என்று தூரத்திலிருந்து சொல்ல வழியே இல்லை. எங்கள் வைத்தியம், ஒவ்வொரு செய்தியின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுவது: 'இதை எழுதும்போது நான் இன்னின்ன செய்திகளைப் பார்த்திருந்தேன்.' கேள்விக்கு முன்னால் பதில் வந்துவிட்டால், பெற்றுக்கொள்கிற கணினி சீட்டைப் பார்த்து, கேள்வி வரும்வரை பதிலை நிறுத்திவைக்கும். ஒன்றையொன்று பார்க்காமலே எழுதப்பட்ட இரண்டு செய்திகள் என்றால் எதை முன்னால் வைத்தாலும் பொய்யில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். அதற்கு எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்க வேண்டும், இருப்பதிலேயே மெதுவானவன் வரும்வரை. போன் அரட்டைக்கும் இந்த ஏற்பாடு வேண்டுமா என்று பேச்சு வந்த ஒரு மீட்டிங்கில் எங்கள் மேனேஜர், "அரட்டைக்கெல்லாம் இவ்வளவு எதுக்கு? கொஞ்சம் முன்னபின்ன வந்தா யாரு செத்துடப் போறாங்க?" என்றார். சாப்பாட்டு நேரம். நானும் தலையாட்டினேன்.

எங்கள் வீடு சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல், அதோடு சரி. இந்த வீட்டை எங்கள் பேருக்கு எழுதித் தருவார்கள் என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதித் தரவும் இல்லை, காலி செய்யச் சொல்லவும் இல்லை. முன்னறையில் சாய்வு நாற்காலியில் அப்பா, அவர் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், சுவரோரம் அம்மாவின் இரும்புக் கட்டில், மிச்சமிருந்த இடத்தில் என் அலுவலகம். கல்தூசி படிந்த நுரையீரலோடு அவரால் படுத்துத் தூங்க முடியாது. உட்கார்ந்தபடிதான் தூங்குவார். காற்று அடிக்கிற நாளில் தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி வீட்டுக்குள் வரும் என்று ஜன்னலைச் சாத்திவைப்பேன். சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும், திறந்தால் அவருக்கு. மீட்டிங்கில் பேசும்போது மெஷின் சத்தம் கேட்டு, "உங்க ஏசி ரொம்ப சத்தமா இருக்கு" என்பார்கள். பழைய ஏசி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அவரை விட்டுவிட்டு ரயிலேறும் நாட்களில் எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். பெங்களூர்வரை நின்றுகொண்டே போவேன். வேலையை முடித்து அதே போல நின்றுகொண்டே வருவேன். வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் என்னை ஏறிட்டுப் பார்ப்பார். நான் வந்ததில் அவருக்கு இருக்கும் நிம்மதிதான் எனக்குப் பூட்டு. அன்பு இல்லாமலில்லை. அன்பு இருப்பதால்தான் பூட்டு திறக்கவில்லை என்று எத்தனையோ நாள் அடுப்படியில் நின்று எரிந்து விழுந்திருக்கிறேன், சத்தமில்லாமல்.

அண்ணன் வடக்கே மலையில் ரயில் பாதைக்குச் சுரங்கம் குடையும் வேலையில் இருக்கிறான். இந்த நாட்டில் எந்த மலையைக் குடைந்தாலும் உள்ளே ஒரு கேஜிஎஃப்காரன் இருப்பான். அண்ணியும் பிள்ளைகளும் காட்பாடியில், சொந்த வீட்டில். தங்கை கல்யாணமாகி பெங்களூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அம்மா இறந்த பிறகு தங்கை போனில் ஒரு குழு ஆரம்பித்தாள். அதற்கு 'நைனா' என்று பேர். உறுப்பினர் மூன்று பேர்: அண்ணன், நான், அவள். நைனா அதில் கிடையாது. அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதைவிட, அவர் காதில் விழாமல் அவரைப் பற்றிப் பேசத்தான் அந்தக் குழுவே. கையெட்டும் தூரத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டு அவருடைய மூச்சைப் பற்றி, மலச்சிக்கலைப் பற்றி, இன்னும் எத்தனை காலம் என்பதைப் பற்றி நான் சத்தமில்லாமல் டைப் அடிப்பேன். குழுவுக்கு ஒரு சட்டமும் இருந்தது: நைனா விஷயத்தில் மூன்று பேரும் சொன்னால்தான் எதுவும் நடக்கும்.

ஒரு மழைக்காலத்தில் நான் ஒரு கேள்வி போட்டேன். அம்மாவின் கட்டில் சும்மா கிடக்கிறது, அதில் கம்பளி மடித்துவைப்பதைத் தவிர வேறு உபயோகமில்லை. அதை எடுத்தால் எனக்கு ஒரு மேசை போடலாம், மடியில் கம்ப்யூட்டரை வைத்து வைத்து இடுப்பு போய்விட்டது. 'அம்மா கட்டில வித்துடலாமா?' என்று கேட்டேன். தங்கை உடனே கட்டைவிரலை உயர்த்திவிட்டாள். அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

அவன் எப்போதும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் டவர் எடுக்காது, வெளியே கேம்புக்கு வந்தால் பாதி நாள் எடுக்கும். நாங்கள் காத்திருந்தோம். பிறகு பக்கத்து ஸ்கெலட்டன் லைனிலிருந்து ஒருவர், இடுப்பெலும்பு முறிந்த தன் தாயாருக்குக் கட்டில் வேண்டும் என்று வந்து நின்றார். ஒரு கட்டிலுக்கு என்ன மகாநாடு என்று தங்கை போனில் சொன்னாள். எனக்கும் மேசை அவசரம். "கட்டில வித்துடறேன் நைனா" என்றேன். "கட்டில விக்கற" என்று அப்பா திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொன்னால் மணி கேட்டது என்று அர்த்தம். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. அது எனக்குத் தெரியாததா? இருந்தும் கட்டிலை ஆட்டோவில் ஏற்றிக் கட்டிவிட்டேன். அதைக் குழுவில் சொல்லத் தோன்றவில்லை.

மேசை வந்த கையோடு புனே வந்தது. எங்கள் கம்பெனி புனேயில் ஒரு புதுக் குழுவை ஆரம்பிக்கிறது, அதை நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேயே போய் இருக்க வேண்டும், வாரக் கடைசிக்குள் பதில் வேண்டும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இப்படி ஒரு கதவு இதற்குமுன் எனக்காகத் திறந்ததில்லை. ஜன்னல் திறந்திருக்கும் ஒரு அறையில் நான் மட்டும் தூங்குவதாக நினைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்கும் சத்தத்தை எண்ணாமல் தூங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்ததுமே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஆசை எனக்குள் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழுவில் எழுதினேன்: 'எனக்கு புனேல வேலை வந்துக்கீது. நைனாவ காட்பாடிக்கு அனுப்பிடலாமா?' ஆங்கில எழுத்தில்தான் நாங்கள் தமிழ் அடிப்போம். எழுதும்போது அப்பா எதிரே உட்கார்ந்து சுரைக்காய் சீவிக்கொண்டிருந்தார். தங்கை, 'அண்ணன் சொன்னா எனக்கு ஓகே' என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். இனி எல்லாம் அண்ணன் கையில். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் ஹிந்தியில் சொன்னாள். அண்ணியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவள், "அவரு சொன்னா சரிதாங்க" என்பாள். அது எனக்குத் தெரிந்த பதில். வாரம் முழுக்க போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்கு என் கேள்வி போய்ச் சேரவில்லை என்று ஒற்றை டிக் சொல்லிக்கொண்டே இருந்தது. மெதுவாக இருப்பவனையும் போய்விட்டவனையும் தூரத்திலிருந்து பிரிக்க முடியாது என்று அலுவலகத்தில் பாடம் எடுப்பவள் நான்.

வாரக் கடைசி அன்று சாயங்காலம் திரும்பி வருகிற ரயில். பங்காருபேட்டைக்கு முன்னால் ஏதோ ஒரு வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பெட்டியில் கால் மாற்றி வைக்க இடமில்லை. ஒருத்தி என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், யாரென்று தெரியாது. கையைத் தூக்க முடியாமல் போன் பைக்குள் அதிர்வதை உணர்ந்து, எப்படியோ எடுத்துப் பார்த்தேன். அண்ணன். என் புனே கேள்விக்கும் தங்கையின் ஓகேக்கும் கீழே ஒரே சொல்.

'வேண்டாம்.'

அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, எப்படிச் சமாளிப்பாய் என்று இல்லை, வாழ்த்துகூட இல்லை. அவனுக்கே உரிய ஒரு சொல். பெட்டியில் காற்றே இல்லை. இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது, ஆனால் கதவுவரை போகக்கூட முடியாது.  அவன் இப்படித்தான் சொல்வான் என்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தது, அதுதான் விஷயம். தெரிந்த பதில் வந்ததும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டைவிரலால் குத்திக் குத்தி எழுதினேன்: 'சரி. நான் போகல. இதைப் பத்தி இனி பேச்சு வேணாம்.' கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து பதில் வந்தது. 'சரி.'

வண்டி நகர்வதற்கு முன்பே, அங்கேயே நின்றபடி, மேனேஜருக்கு வரமுடியாது என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். அப்பா ஏறிட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புனேக்கு வேறொருத்தி போனாள். என்னைவிடச் சின்னவள், கெட்டிக்காரி. அவளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் மீட்டிங்குகளை நான்தான் நடத்தினேன். அவள் பின்னால் ஒரு பெரிய ஜன்னல் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவான். "இன்னா, எத்தினி அடி போயிருக்கு?" என்று அப்பா கேட்பார், அவன் சுரங்கத்தின் நீளத்தைச் சொல்வான், அப்பா அதைத் திருப்பிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். "உன் தங்கச்சிகிட்ட குடுக்கட்டா?" என்பார். நான் துணி காயப்போடப் போய்விடுவேன். அவ்வளவு வெறுப்பு என்னிடம் இருந்தது. தாலி கட்டியவன்மேல்கூட ஒரு பெண் அவ்வளவு வெறுப்பை வைத்துக்கொள்வாளா தெரியவில்லை.

பொங்கல் லீவில் அண்ணன் வந்தான். காட்பாடிக்குப் போவதற்கு முன்னால் நேராக இங்கேதான் வந்தான். தாடி நரைத்துப் போயிருந்தது. அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டான், பையை இறக்கினான், தரையில் உட்காரப் போனவன் சுவரோரம் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"கட்டில் எங்க?"

"வித்துட்டோம்" என்றேன்.

"வித்துட்டீங்களா? நான்தான் வேண்டாம்னு சொன்னேனே!"

"நீ எப்ப சொன்ன? நீ பதிலே போடலன்னுதான் வித்தோம்."

"இன்னாம்மா, குரூப்புல போட்டேன். நீ கேட்டது வந்த அன்னிக்கே போட்டேன். அம்மா படுத்த கட்டிலு, அத்தப் போயி விப்பாங்களா?"  அந்த ஒரு சொல்காரனிடமிருந்து அவ்வளவு சொற்களை நான் கேட்டதே இல்லை.

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். என் போனை எடுத்து, மேலே தள்ளித் தள்ளி, அந்த மழைக்காலத்துக்குப் போனேன். கட்டில் கேள்வி. தங்கையின் கட்டைவிரல். அதற்குக் கீழே புனே. "பாரு, எங்க போட்டுக்கீற?" என்று நீட்டினேன். அவன் தன் போனை எடுத்துத் தேடினான். கட்டில் இருந்த இடத்தில் இப்போது இருந்த என் மேசைமேல், இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அவன் போனில் கட்டில் கேள்விக்கு நேர் கீழே இருந்தது 'வேண்டாம்'. அதற்குக் கீழேதான் புனே. என் போனில் கட்டில், புனே, அதற்குக் கீழே 'வேண்டாம்'. ஒரே குழு, அதே செய்திகள், ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை. அவன் எழுதியது எப்போது என்று என் போன் சொல்லவில்லை, என் கைக்கு வந்தது எப்போது என்றுதான் சொன்னது.

"மலை சரிஞ்சி ரோடு போச்சி, டவரும் போச்சி" என்றான் அண்ணன். "வேண்டாம்னு அடிச்சேன், அது போவல. நாள் கணக்கா அப்டியே நின்னுக்கினு இருந்துது. டவர் வந்தப்பதான் போச்சி. அப்பதான் உன் புனே மேட்டரும் வந்துது."

"அப்ப புனேக்கு நீ..."

"புனேக்கு நான் எங்க பதில் சொன்னேன்? 'அனுப்பு, உங்க அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன்'னு அடிச்சிக்கினு இருந்தேன். அடிச்சி முடிக்கறதுக்குள்ள கீழ நீ போகலன்னு வந்துச்சி. பேச்சு வேணாம்னு வேற போட்டுக்கீற. சரி, உனக்கு இஷ்டம் இல்ல போலன்னு அழிச்சிட்டு, சரின்னு போட்டேன்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அசிங்கமான சிரிப்பு. அவன் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டோம். அவன் வேண்டாம் என்று சொல்லாததைச் செய்யாமல் விட்டோம். அவனுடைய பதிலும் என் புனே கேள்வியும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்பட்டவை. எதை முன்னால் வைத்தாலும் பொய்யில்லை, எங்கள் கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் இரண்டு போனிலும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் போதும். அவன் போனிலும் 'வேண்டாம்' புனேக்குக் கீழே போய் நின்றிருந்தால், "ஐயோ, அது கட்டிலுக்கு" என்று அவனே அலறியிருப்பான். மெதுவானவனுக்காகக் காத்திருக்கிற அந்த ஏற்பாட்டைத்தான் நாங்கள் அரட்டைக்கு அதிகம் என்று சொல்லியிருந்தோம். எதற்காகச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால்கூடப் போதும். 'கட்டில விக்க வேண்டாம்.' எதிரொலி வீட்டில் பிறந்த இரண்டு பேர். எங்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் மாதிரி கொடுமை எதுவும் இல்லை. இத்தனை மாதமாக அண்ணன்மேல் வைத்திருந்ததை இறக்கிவைக்க இப்போது இடமில்லை. "இப்ப போயேன்" என்றான் அவன், தயங்கித் தயங்கி. "இப்ப நைனாவ நான் கூட்டிக்கினு போறேன்."

"இப்ப எங்க போறது? அந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு வெறுத்தவனைப் பார்த்து அப்படித் தோன்றியது எனக்கே பிடிக்கவில்லை.

இதுவரை நாங்கள் இரண்டு பேரும் அப்பாவை மறந்துவிட்டிருந்தோம். அவர் சாய்வு நாற்காலியில் அதே இடத்தில் இருந்தார். மூக்கில் குழாய், மடியில் துண்டு. இரண்டு போன்களையும் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். 

"என்னிய யாரும் கேக்கலியே" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தான்.  மலைக்கும் பெங்களூருக்கும் செய்தி அனுப்பி, டவருக்காக ஒரு வாரம் தவம் கிடந்து, ஒற்றை டிக்கை வெறித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததெல்லாம் இவருக்கு எதிரில். கை நீட்டினால் அவர் முழங்கால் தட்டும். அவர் சீவின சுரைக்காயைத்தான் அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிட்டேன்.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப நைனா?" என்று கேட்டேன். 

"போன்னு சொல்லியிருப்பேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, கேட்டிருந்தால் என்கிற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "நீ போ."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் என்னைப் பார்த்தான், சொல்லேன் என்பது போல. "போறேன்" என்கிற ஒரு சொல்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் அடித்த மணியைத் திருப்பி அடிக்க எனக்கு ஆசையாக இருந்தது. வாயைத் திறந்தேன். போக இடம் இல்லாமல் அதைச் சொன்னால் அதற்கு எங்கள் வீட்டில் என்ன பேர் என்று நினைவு வந்தது: பொய் மணி. வாயை மூடிக்கொண்டேன். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து சமையலுக்குப் போனேன். அங்கிருந்து, முகத்தைக் காட்டாமல், "பாலு வெக்கட்டா நைனா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"பாலு வை" என்று திருப்பிச் சொன்னார்.